செத்த பெட்டரியைத் திருப்பி வைப்பவர்

கழற்றி மாட்டும் பெட்டரியின் காவலர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு. சாய்ந்தமருதில் பெண் எடுத்து, ஊர் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருக்கும் றிபாத் அவர்களில் ஒருவர். வயது முப்பத்தெட்டு. டீவியில் கேம் போட்டுப் பந்து விளையாட வயரில்லாத கொன்ட்ரோலர் ஒன்று வைத்திருக்கிறார். அதற்கு இரண்டு சின்னப் பெட்டரி போட வேண்டும். அந்த இரண்டு பெட்டரியின் மகிமையை அவர் சலூனில் சொல்வார், மீன் வாங்கும் இடத்தில் சொல்வார், சாவு நடந்த மையித்து வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவரிடமும் சொல்வார்.

"உள்ளுக்கு வெச்சு ஒட்டின பெட்டரி செத்தா கொன்ட்ரோலரே குப்பை. இது செத்தா மாத்துறதுதானே!"

நல்ல கொள்கை. யார் இல்லை என்றது? புதுப் பெட்டரி வாங்குவது மட்டும் அந்தக் கொள்கையில் இல்லை. மணிக்கூட்டில் இருந்ததை எடுப்பார், ரிமோட்டில் இருந்ததை எடுப்பார், மாமி முனவ்வறாவின் பிரஷர் பார்க்கும் மெஷினில் இருந்ததையும் எடுப்பார். எடுத்த இடத்தில் செத்ததை ஒழுங்காக வைத்து மூடிவிடுவார். மாமி என்ன செய்வார்? மருமகனை முகத்துக்கு நேரே ஏசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மணிக்கூடு பத்தே முக்காலில் நிற்கும். அவர் பாங்குச் சத்தத்தில் நேரம் பார்த்துக்கொள்வார்.

பெருநாளின் இரண்டாம் நாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, சகலன் றவூப் தன் கொன்ட்ரோலரோடு வந்தார். அவருடையது உள்ளே பெட்டரி வைத்தது, சார்ஜில் போடுவது. பந்தயம் இதுதான்: தோற்றவர் இந்த வீட்டில் இனிப் பெட்டரியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. விளையாட்டு நின்றால் ஐந்து நிமிடம். அதற்குள் ஆட்டத்துக்குத் திரும்பாதவர் தோற்றவர். றிபாத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டா? சோற்றை விடச் சொன்னால்கூட விடுவார்.

கோல் ஒன்றுக்கு ஒன்று. றிபாத்துக்குப் பெனால்டி. கொன்ட்ரோலர் செத்தது.

"என்ன மச்சான், மாத்துறதுதானே!" என்றார் றவூப்.

மணிக்கூட்டைத் திறந்தார்: செத்தது. ரிமோட்: செத்தது. பிரஷர் மெஷினுக்குள் நான்கு பழைய சினேகிதர்கள், நோன்பின் முதல் பத்து நாளில் அவரே வைத்தவை. அப்படியானால் மாமியின் பிரஷரை அன்றிலிருந்து யாரும் பார்க்கவில்லை.

கதவு மறைவில் முனவ்வறா றிபாத்தின் மனைவியான மகளிடம் சொன்னார்: "ஹிமாயா, புதுப் பெட்டரி நாலு எங்கிட்ட கிடக்கு. மெஷினுக்கு வாங்கினது. மருமகனுக்கு அவசரமெண்டா குடு புள்ள."

நான்கையும் வாங்கிய றிபாத் கொன்ட்ரோலரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஹிமாயாவின் முகத்தையும் பார்த்தார். நான்கையும் மெஷினில் போட்டார். பிரஷர் பார்க்குமுன் ஆளை ஐந்து நிமிடம் சும்மா இருக்க விட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் தோற்றார்.

மாமியின் கையில் பட்டி இறுகத் தொடங்கியது. றிபாத்தால் வாயை அடக்க முடியவில்லை. "பார்த்தியா மச்சான், கழட்டுற பெட்டரி எண்டபடியாத்தான் இந்த மெஷினே..."

"வாய மூடுங்க, உம்மாக்குப் பிரஷர் ஏறுது" என்றாள் ஹிமாயா.

சிரிக்கிறீர்களா? நல்லது. எழுந்து போய் உங்கள் வீட்டு ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். அதாவது, மூடி இருந்தால். உள்ளே இரண்டு பெட்டரியும் இரண்டு நிறம். அவற்றைக் கட்டைவிரலால் உருட்டி, இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று மூடி வைத்த கை யாருடையது?