சுரேந்திரனை இங்கே அனுப்ப வேண்டாம்

பெரார்கஞ்ச், தெற்கு அந்தமான்
12.9.2025

பாசமும் மரியாதையும் மிகுந்த அக்கா வேலாயி அவர்களின் பாதம் தொட்டுத் தம்பி சண்முகம் எழுதுவது. நானும் என் மனைவி விஜயகுமாரியும் உடம்பளவில் சுகம். நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். சுகமான செய்தி இத்துடன் முடிந்தது. இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் நீங்கள் அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் எவ்வளவு அழுதாலும் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம்.

போன மாசக் கடைசியில் நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை நான்கு தடவை கேட்டேன். "தம்பி, நீங்கெல்லாம் சொந்த நாட்டுக்குப் போயி நல்லா ஊனிக்கிட்டீங்க. நாங்கதான் இங்க தேயிலத் தோட்டத்து லயத்துலயே கிடந்து சாகுறோம். எம்மவன் சுரேந்திரன அங்க அனுப்பி வைக்கிறேன், அவனுக்கும் ஒரு எடம் பாத்துக் குடு" என்று சொல்லியிருந்தீர்கள். முதல் தடவை கேட்ட நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பெரார்கஞ்ச் பஸ் ஸ்டாப்பில், கொட்டுகிற மழையில், எங்கள் இரும்பு அலமாரியைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். நான் ஊன்றியிருந்த லட்சணம் அது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. எழுபத்து நாலில் பண்டாரவளை ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது எனக்குப் பதினொரு வயது. உங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது, எங்களுக்கு இந்தியாவுடையது கிடைத்தது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்களை இரண்டு நாட்டுக்குப் பங்கு போட்டார்கள். பிறகு மண்டபம் கேம்ப், அங்கிருந்து மெட்ராஸ் போய்க் கப்பல், நிக்கோபார்ப் பக்கம் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டம். முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டிக் கட்டிய வீட்டைச் சுனாமி ஒரு காலை வேளையில் எடுத்துக்கொண்டு போனது. அப்புறம் போர்ட் பிளேருக்கு வந்து, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை பார்த்து, ஷாதிபூரில் ஒரே வாடகை வீட்டில் பதினேழு வருஷம் இருந்தேன். இனி எங்கும் போவதில்லை என்று நினைத்திருந்தபோது, போன வருஷம் ஊர்ப் பெயரையே மாற்றிவிட்டார்கள். போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். நாங்கள் நகராமல் இருந்தால் ஊர் நகர்கிறது, அக்கா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரர் காலமாகி, அவர் மகன் வினோத் பொறுப்புக்கு வந்தான். மரியாதையான பையன், உட்காரச் சொன்னால்கூட நின்றுகொண்டே பேசுவான். அன்றைக்கு உட்கார்ந்தான். "அங்கிள், வீட்டை டூரிஸ்ட்டுக்கு ஹோம்ஸ்டே ஆக்கப்போறேன். மெயின்லேண்ட்ல இருந்து வர்றவங்களுக்கு நம்ம லோக்கல் வாழ்க்கையை அனுபவிக்கணும்னு ஆசை. நீங்க மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றான். லோக்கல் வாழ்க்கையை டூரிஸ்ட் அனுபவிக்க வேண்டுமென்றால் அதை அனுபவித்துக்கொண்டிருக்கிற லோக்கல் ஆள் வெளியே போகவேண்டுமாம். விஜயகுமாரி உள்ளே போய், கொடியில் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு இது பழக்கம்.

முதலில் பார்க்கப் போனது அதே ஷாதிபூரில் ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் நம்ம தமிழர், முதுகுளத்தூர்ப் பக்கம். ஊஞ்சலில் உட்காரவைத்து, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்கு எனக்கு இன்றுவரை சரியான பதில் தெரியாது. கச்சால் என்றேன். "அது தீவுங்க. அதுக்கு முன்னாடி?" என்றார். மண்டபம் என்றேன். மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். "அடடா, நம்ம ராம்நாடு! ஏ புள்ள, காப்பி போடு!" என்று உள்ளே குரல் கொடுத்து, "மண்டபத்துல யாரு வீட்டு ஆளு நீங்க?" என்று அருகில் நகர்ந்து உட்கார்ந்தார். நான் இருமிச் சமாளிக்கப் பார்த்தேன். விஜயகுமாரிக்குப் பொய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். "வீடு இல்லீங்க, கேம்ப்பு. சிலோன்ல இருந்து வந்தப்ப மூணு மாசம் இருந்தோம்" என்றாள். ஊஞ்சல் நின்றது. "ஓ, அகதிங்களா? போலீசு கீலீசு விசாரணைக்கு வருமோ?" என்று கேட்டார். நாங்கள் அகதி இல்லை, இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டு முறைப்படி அழைத்துவந்த இந்தியப் பிரஜைகள், நாற்பது வருஷமாக ஓட்டுப் போடுகிறோம் என்று நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். காப்பி வரவே இல்லை.

அடுத்தது கண்ணையா என்பவர் வீடு. அவர்கள் குடும்பம் இந்தத் தீவு ஜெயிலாக இருந்த காலத்திலேயே வந்தது. தமிழ்தான், ஆனால் பாதிக்குப் பாதி இந்தி கலந்து வரும். "ஆப் லோக் ப்ரீ ஃபார்ட்டிடூ ஹை க்யா?" என்று கேட்டார். நாற்பத்திரண்டுக்கு முன்பே இங்கு குடியேறியவர்கள் என்று அர்த்தம், இங்கே அது ஒரு பட்டம் மாதிரி. இல்லை, நாங்கள் எழுபத்து நாலு என்றேன். முகம் சுண்டிவிட்டது. தன் கொள்ளுத்தாத்தா யாரையோ வெட்டிவிட்டு ஆயுள் தண்டனையில் வந்தவர் என்பதை, பெரிய படிப்புப் படித்த மாதிரி சொன்னார். "உங்க பாப்பு எந்தக் கேஸ்ல வந்தாரு?" என்றார். "எங்கப்பா ஒரு தப்பும் பண்ணலீங்க" என்றேன். "தப்பு பண்ணலியா? அப்ப எதுக்கு இவ்ளோ தூரம் அனுப்புனாங்க?" என்றார். அக்கா, ஐம்பத்தோரு வருஷமாக நானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டை, தாத்தா திருட்டுக் கேஸில் வந்த வேறொரு நல்ல குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வழியெல்லாம் விஜயகுமாரி எனக்குப் பாடம் நடத்தினாள். "சிலோன்னும் சொல்லாதீங்க, மண்டபம்னும் சொல்லாதீங்க. கச்சால்னு சொல்லிட்டு அத்தோட வாய மூடுங்க" என்றாள். மூன்றாவது வீட்டில் அப்படியே செய்தேன். தெலுங்குக்கார அம்மா, தங்கமான மனசு. "கச்சாலா? ஐயோ பாவம், சுனாமி!" என்று விஜயகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கும் கண் கலங்கியது. வீடு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க. எங்க வீடும் கடல் பக்கம். உங்க ராசிக்கு மறுபடியும் ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்றார். கடலுக்கு என் மேல் தனிப்பட்ட விரோதம் என்று முடிவு செய்துவிட்டார். சிலோன்காரன் வேண்டாம், குற்றம் செய்யாதவன் வேண்டாம், கடைசியில் கடல் துரத்துகிறவனும் வேண்டாம். எல்லாம் நான் ஒருவனே.

மாசக் கடைசி வந்துவிட்டது. வினோத் வாசலில் பெயிண்ட் டப்பாவோடு நிற்கிறான். அப்போது விஜயகுமாரி, மார்க்கெட்டில் தனக்குக் கீரை விற்கும் சந்தியா மொண்டல் என்ற பெங்காலி அம்மா பெரார்கஞ்சில் இருப்பதாகவும், அவர் வீட்டின் பின்பகுதி காலி என்று எப்போதோ சொன்னதாகவும் சொன்னாள். வீட்டைப் பார்க்கவில்லை, பேசவில்லை, சாமானை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக் கிளம்பிவிட்டோம். ஒரு மணி நேரப் பாதை, மழை. லாரிக்காரன் வயல் பாதைக்குள் வண்டி இறங்காது என்று பஸ் ஸ்டாப்பிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கே நின்றபோதுதான் உங்கள் குரல் வந்தது, நான் ஊன்றிக்கொண்டேன் என்று.

விஜயகுமாரி போய் அந்த அம்மாவை அழைத்துவந்தாள். எழுபத்தெட்டு வயதிருக்கும், குடை இல்லை, தலையில் உரச் சாக்கு. நனைந்த அலமாரியையும் நனைந்த என்னையும் மாறிமாறிப் பார்த்தார். சொந்த ஊர் எது என்ற கேள்வி வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் இந்தியில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

எனக்குப் புரியவில்லை. பஸ்ஸில், இல்லை, லாரியில் வந்தோம் என்றேன். "அது இல்ல. மொதமொதல்ல, இந்தத் தீவுக்கு." மெட்ராஸிலிருந்து கச்சாலுக்கு வந்த கதையைச் சொன்னேன். "நாங்க கிழக்கு வங்காளத்துல பாரிசால்ல இருந்து. நாடு ரெண்டானப்ப ஓடிவந்து, கல்கத்தாவுல கப்பல் ஏறினோம். எனக்கு மூணு வயசு. உங்களுக்கு சர்க்கார் என்ன குடுத்தாங்க?" என்றார். "ரப்பர் பால் வெட்டுற கத்தி" என்றேன். "எங்களுக்கு எருமை குடுத்தாங்க. எங்கப்பா பேசின பெங்காலி அதுக்குப் புரியல. அது வாயால சொன்னது எங்கப்பாவுக்குப் புரியல. மொத வருசம் நெல்லே வெளையல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மழையில் நின்று நானும் சிரித்தேன். ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன். பிறகு அலமாரியின் ஒரு முனையை அவரே தூக்கினார். அந்த வயதில்!

இப்படித்தான் இந்த வீடு கிடைத்தது. இதைக் கேட்டுவிட்டு நாங்கள் அரண்மனையில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைக்காதீர்கள். தகரக் கூரை, மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. மொண்டல் அம்மாவின் ஒன்பது கோழிகள் எங்கள் அடுப்படியைத் தங்கள் இடம் என்றே நினைக்கின்றன, எங்களைத்தான் வந்தேறிகளாகப் பார்க்கின்றன. விஜயகுமாரி அவற்றோடு தமிழில் சண்டை போடுகிறாள், மொண்டல் அம்மா பெங்காலியில் சமாதானம் செய்கிறார். மருந்து வாங்க வேண்டுமென்றால் பஸ். அந்த பஸ்ஸும் தனக்கு மனசு வந்தால்தான் வரும்.

இதையெல்லாம்விட முக்கியமானது: மொண்டல் அம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார். "ரெண்டு பேர்னா ரெண்டே பேர். மூணாவது தலை தெரிஞ்சா அன்னைக்கே காலி" என்று விரலைக் காட்டிச் சொன்னார். ஆகவே அக்கா, காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், சுரேந்திரனை இங்கே அனுப்பாதீர்கள். முப்பத்தெட்டு வயதில் வந்து அவன் என்ன செய்வான்? வாசலுக்கு வாசல் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். பதில் சொல்லப் பழகவே அவனுக்கு ஐம்பது வருஷம் ஆகும். அங்கே லயத்து அறை ஒழுகினாலும், அது யாருடைய அறை என்று யாரும் கேட்பதில்லை அல்லவா? எனக்கே இடமில்லாத இடத்தில் இன்னொருவனுக்கு இடம் கேட்கிறீர்களே. இதில் மாற்றமில்லை. தம்பி கல்நெஞ்சக்காரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மச்சானை மூட்டு வலிக்கு அலட்சியமாக இருக்க வேண்டாம் என்று சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகளும், உங்களுக்கு விஜயகுமாரியின் நமஸ்காரமும். முருகன் எல்லோரையும் அவரவர் இருக்கும் இடத்திலேயே சுகமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
சண்முகம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் போன் வந்தது. "மாமா, நான் சுரேந்திரன். மெட்ராஸ் ஏர்போர்ட்ல நிக்கிறேன். நாளைக்குக் காலைல அங்க வந்துருவேன்" என்கிறான். ஆக, நீங்கள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்லியிருக்கிறீர்கள்! தனியாகவும் வரவில்லை, பெண்டாட்டியும் கைக்குழந்தையும் கூட. முப்பது நாள் விசாதானாம். மண்டபத்தில் எங்களையும் ரெண்டு வாரம் என்றுதான் சொன்னார்கள். மொண்டல் அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, விஜயகுமாரிதான் போய்ச் சொன்னாள். ஒரு மணி நேரம் கத்தினார். பெங்காலி என்பதால் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தக் கொழந்த பசும்பால் குடிக்குமா, பவுடர் பாலா?" என்று இந்தியில் கேட்டார். இப்போது கோழிகளைத் துரத்திவிட்டுத் தன் வீட்டு முன் அறையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். நானும் போய் ஒரு வாளி தண்ணீர் இறைத்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் எனக்கும் திட்டு விழும். எனவே அக்கா, மேலே எழுதியதையெல்லாம் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். விலாசத்தை மட்டும் பத்திரமாக வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மச்சானுக்கு மூட்டு வலி குறைந்ததும் உங்களுக்கு அது தேவைப்படும்.