சகலை வீட்டுக் கூரைமேல் படகு

அன்பு மருமகப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது.

இந்தப் புயல் வரும் என்று முதலில் சொன்னவன் நான். புயலுக்குப் பிறகு நகரம் எழுந்து நிற்கும் என்று சொன்னவனும் நான்தான், சுற்றுலாக்காரர்கள் திரும்பி வருவார்கள் என்று சொன்னவனும் நான்தான். வந்தவர்கள் என் விடுதியைத் தாண்டி எதிர்வரிசைக்குப் போவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றபடி நானும் உன் அத்தையும் எட்டு அறைகளும் சௌக்கியம். அறைகளில் ஆள்தான் இல்லை. பூட்டியே கிடந்தால் வாடை அடிக்கும் என்று, நாளுக்கு ஓர் அறையாக நானே போய்ப் படுத்து எழுந்திருக்கிறேன். போன வாரம் மூன்றாம் நம்பரில் கொசு என்று புகார் கொடுத்தேன். உன் அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சுற்றுலா அலுவலகத்தில் புதுக் கையேடு அச்சடிக்கிறீர்களாம், தெருவுக்கு ஒரு படம்தானாம், நம் கடற்கரைத் தெருவுக்கு எந்தப் படம் என்று வெள்ளிக்கிழமை நீ முடிவு செய்யப் போகிறாயாம். உன் அம்மா, என் அக்காதான், போனில் சொன்னாள். மருமகனே, அந்தப் படம் என் விடுதியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பருவமும் காலியாகப் போகும், அதோடு நான் பூட்டிவிட்டு உன் வீட்டு முன்னறைக்கு வந்துவிடுவேன். நான் விடும் குறட்டை எப்படி என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நடந்ததை நீ முழுதாகக் கேட்டதில்லை. புயலுக்கு மூன்று நாள் முன்பே வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன். வானிலைக்காரர்கள் பிறகுதான் சொன்னார்கள். என்னைக் கேட்டுத்தான் சொன்னார்களோ என்னவோ. வீடு வீடாகப் போய் எச்சரித்தேன். எதிரே விடுதி நடத்துகிறானே, உன் அத்தையின் தங்கை புருஷன், என் சகலை, அவனிடமும் போய், "தம்பி, கடல் சத்தம் சரியில்லை, உன் உல்லாசப் படகை இழுத்துக் கட்டு" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். கேட்டானா? கேட்கவில்லை. ஆறு பேர் உட்காருகிற அந்தப் படகைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் அவன் விடுதிக் கூரைமேல் உட்கார்த்திவிட்டது. அடிக்கட்டை மூன்று முழம் கூரையைத் துளைத்துக்கொண்டு மாடி அறைக்குள் தொங்குகிறது. தண்ணீர் வந்து வடிந்ததோடு சரி, என் விடுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயர்ப்பலகையில் 'கடல்காற்று இல்லம்' என்று இருந்ததில் காற்றைக் காற்று கொண்டுபோயிற்று, அவ்வளவுதான்.

அப்போது தெருவே என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. ஆறு மாதம் கரண்ட் இல்லை, சாலை முழுக்க மணல், கூரைகளில் எல்லாம் நீலத் தார்ப்பாய். நான் மட்டும் கண்ணாடி துடைத்து, கதவுக்கு வார்னிஷ் அடித்து, எட்டு அறைக்கும் வெள்ளை விரிப்பு போட்டுத் தயாராக உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷத்தில் கம்பம் நட்டார்கள், நடைபாதைக்குப் புதுக் கல் பதித்தார்கள், கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளை அடித்தார்கள், முதல் சுற்றுலாப் பேருந்தும் வந்தது. நான் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். நாற்பது பேர் இறங்கினார்கள். நாற்பது பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்க் கூரையைப் படம் எடுத்தார்கள்.

சகலை மட்டும் சாமர்த்தியசாலி என்று நினைக்காதே. கூரை போடக் கையில் வசதியில்லாமல் படகை அப்படியே விட்டவன் அவன். இப்போது அந்த ஓட்டை அறைக்குப் பெயர் 'படகு அறை'. படுத்தால் மூக்குக்கு மேலே அடிக்கட்டை. மழை பெய்தால் வாளி வைக்க வேண்டும். அந்த அறைக்கு ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லி வைக்கிறார்கள்! ஒழுகாத எட்டு அறை இங்கே இருக்கிறது, ஏனென்று கேட்க நாதி இல்லை. ஒரு வயதான தம்பதியைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து காட்டினேன். அந்த அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க ஒண்ணுமே நடக்கலையே?" என்றாள்.

சரி, நடந்தது தெரியட்டும் என்று பெயின்டரைக் கூப்பிட்டேன். முன்சுவரில் நீலக் கோடு ஒன்று போட்டு, பக்கத்தில் வெள்ளம் வந்த உயரம் என்று எழுதச் சொன்னேன்.

"எவ்வளவு உயரத்துலண்ணே?"

"சகலை வீட்டுச் சுவர்ல எங்க இருக்கு?"

"இடுப்பளவு."

"அப்ப நமக்குக் கதவு நிலைக்கு மேல போடு."

"அண்ணே, நடுவுல ஒரு தெருதான இருக்கு? தண்ணி இந்தப் பக்கம் மட்டும் எம்பி நின்னுச்சா?"

"பெயின்டரா நீ, வக்கீலா? போடுடா."

தூரத்திலிருந்து தெரிவதற்காகக் கொஞ்சம் உயர்த்தினேன். அது பொய்யாகாது. எழுத வேண்டியதை ஒரு சீட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். அங்கேதான் சனி பிடித்தது. எனக்கு லகரம், ளகரம் எல்லாம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். மறுநாள் பேருந்து வந்தது. வழிகாட்டி ஒலிபெருக்கியில், "எல்லாரும் வலது பக்கம் பாருங்க, 'வெல்லம் வந்த உயரம்'" என்று வாசித்தான். பேருந்தே குலுங்கியது.

"ஐயா, வெல்லம் உருண்டையா வந்துச்சா, பாகா வந்துச்சா?" என்று ஒருவன்.

"பின்னாடியே எறும்பு வந்திருக்குமே?" என்று இன்னொருவன்.

மருமகனே, அன்றிலிருந்து என் சுவருக்கு முன்னால் கூட்டம். நின்று படம் எடுக்கிறார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், சிரித்து முடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சகலை விடுதிக்குப் போய்ப் படுக்கிறார்கள். நேற்று அவனே வந்தான். "அண்ணே, என்கிட்ட இடமில்ல, ரெண்டு குடும்பத்த உங்க பக்கம் அனுப்பட்டுமா?" என்றான். அந்தக் குரலில் இருந்த பணிவைக் கேட்டாயானால் உனக்கே அடிக்கக் கை நீண்டிருக்கும். "எங்க விடுதி நிறைஞ்சிருக்கு தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அன்றைக்கு நாலாம் நம்பரில் நான் படுத்திருந்தேன் என்பதால் அதில் எட்டில் ஒரு பங்கு உண்மை.

ஆகவே என் விடுதியின் படத்தைப் போடு. காலையில் எடுத்தால் வார்னிஷ் நன்றாக மின்னும். பின்கட்டில் எட்டு வெள்ளை விரிப்பும் வரிசையாகக் காய்வதைச் சேர்த்து எடுத்தால் கப்பல் பாய் மாதிரி இருக்கும். கீழே 'புயலை முன்கூட்டியே அறிந்தவரின் விடுதி' என்று ஒரு வரி போதும். ளகரம் வராத வாக்கியமாக யோசித்து வைத்திருக்கிறேன்.

உன் கூரை ஒழுகாமல், உன் கதவு மழைக்கு உப்பாமல், உன் மேலதிகாரி உன் பேச்சைத் தட்டாமல் நீயும் உன் வீட்டாரும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் தாய்மாமன்.

பி.கு.: எழுத்துப் பிழை பார்க்க இதை உன் அத்தையிடம் கொடுத்தேன். பதினேழு இடத்தில் ளகரம் போட்டுத் தந்தாள். பிறகு, "பிழை இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் திருத்துங்க, இல்லன்னா தபால்தலை என்கிட்டதான் இருக்கு" என்றாள். திருத்துகிறேன். புயல் வரும் என்று சொன்னவன் நான் இல்லை. சகலை. அன்று சாயங்காலம் கடற்கரையில் படகைக் கட்டிக்கொண்டிருந்தவன், எங்கள் விளக்கு எரிவதைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டுக் கையில் கயிற்றோடு ஓடி வந்தான். "அண்ணே, கடல் சத்தம் சரியில்ல, மேட்டுக்குப் போயிடலாம் வாங்க" என்றான். இதெல்லாம் ஒரு காற்றா என்று நான் அரை மணி நேரம் அவனோடு வாதாடினேன். கடைசியில் உன் அத்தையை நடத்தி, என்னை முதுகில் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் விட்டான். திரும்பிப் போவதற்குள் படகு கிளம்பிவிட்டது. அந்தக் கயிறு இங்கேயேதான் இருக்கிறது. விரிப்புகள் அதில்தான் காய்கின்றன.

எனவே கையேட்டில் அவன் கூரையையே போட்டுத் தொலை. ஆனால் அரை மணி நேரம் வாதாடி அந்தப் படகை அங்கே ஏற்றி வைத்தது யார் என்று கீழே ஒரு வரி போட வேண்டும். அதில் மட்டும் பிழை இல்லையாம்; உன் அத்தையே சொல்லிவிட்டாள்.