நிலாவை விரலால் காட்டிய அப்பா

வருடம் முழுக்கக் கைப்பேசிக்குள் குடியிருந்துவிட்டு, சீனர்கள் நிலாவைக் கொண்டாடும் எட்டாம் மாதப் பௌர்ணமியன்று மட்டும் வெளியே தலை நீட்டும் ஓர் இனம் எங்கள் பினாங்கு அடுக்குமாடியில் உண்டு. பண்பாட்டு அப்பா என்று பெயர் வைத்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் பிள்ளைக்கு வறுத்த கோழி வாங்கிக் கொடுத்து டிவி முன்னால் உட்கார வைப்பவர், அன்று சாயங்காலம் கழிப்பறையில் உட்கார்ந்து அவசரமாகப் படித்த பழங்கதைகளோடு, முன்னோர்கள் மொத்தப் பேரும் தன்னை நம்பித்தான் செத்தார்கள் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி வருவார். நீங்களும் பார்த்திருப்பீர்களே?

எங்கள் எதிர்வீட்டு தெக் செங் இந்த இனத்தில் முதல் தரம். தொழில், இன்ஷூரன்ஸ் விற்பது. மகள் ஷின் யீக்கு அன்று ஒரே ஒரு ஆசைதான்: காகித விளக்கை ஏற்றிக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு ஊர்வலம் போக வேண்டும். சும்மா விட்டுவிடுவாரா? கார் நிறுத்துமிடத்தில் மேஜை போட்டு, பம்ளிமாஸ், சேப்பங்கிழங்கு, தேநீர், மூன்கேக் பலகாரம் எல்லாம் பரப்பி, எதையும் தொடவிடாமல் பாடத்தை ஆரம்பித்தார். ஒன்பது சூரியன்களை வில்லாளி வீழ்த்தியாகிவிட்டது. அவன் மனைவி சாகாவரம் தரும் மருந்தை விழுங்கி நிலாவுக்குப் பறந்துவிட்டாள். அங்கே முயல் மருந்து இடித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் கட்டடத்தைச் சுற்றி வந்தும்விட்டார்கள்.

"விளக்கை ஏத்தலாமாப்பா?"

"இரும்மா, முக்கியமானது பாக்கி இருக்கு. நிலாவை விரலால காட்டவே கூடாது. காட்டினா, தூங்கும்போது வந்து காதை அறுத்துடும். தெரியாம காட்டிட்டா மூணு தடவை கும்பிட்டு மன்னிப்புக் கேக்கணும்."

ஷின் யீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "முயல் எங்கப்பா இருக்கு?"

"அதோ பாரு!" என்று விரலை நீட்டினார் தெக் செங்.

"ஐயோ! அப்பா, உங்க காது!"

கார் நிறுத்துமிடமே திரும்பிப் பார்த்தது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் பாலிசி எடுத்தவர்கள். உயிருக்கே உத்தரவாதம் கொடுத்த மனிதர் காதுக்காகக் கும்பிடுவதா?

"அது சும்மா கதைம்மா."

"அப்ப நிலாவுக்குப் பறந்துபோன அம்மாவும் கதையா? முயலும் கதையா?"

மாட்டிக்கொண்டார். பம்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்த மனைவி பெக் லான், "சொல்லுங்க, புள்ள கேக்குதில்ல?" என்றாள்.

ஷின் யீ அழ ஆரம்பித்தாள். "காது போயிட்டா, நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காதே!"

"இப்ப மட்டும் கேக்குதாக்கும்!" என்றாள் பெக் லான்.

அந்த ஒரு வார்த்தை அவரைக் குத்திவிட்டது, பாவம். எழுந்து நின்று கைகூப்பி மூன்று முறை குனிந்தார். நிமிர்ந்தால் மேகம்.

"நீங்க கும்பிட்டதை நிலா பார்க்கலப்பா! எங்க போச்சு?"

"அதோ, அந்த மேகத்துக்குப் பின்னாடி," என்று மறுபடியும் விரலை நீட்டினார்.

"இன்னும் மூணு!"

இதைப் பார்த்த மற்றப் பிள்ளைகளும், "எங்கப்பாவும் விரலால காட்டினாரு!" என்று தங்கள் அப்பாக்களைக் காட்டிக்கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தொப்பையும் அரைக்கால் சட்டையுமாக ஒரு கூட்டம் மேகத்தைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்தது. நடுவில் ஒருவர், "தெக் செங், காது போனா பாலிசில பணம் வருமா?" என்று கேட்டார்.

"ரெண்டும் போனா வரும்னு நினைக்கிறேன். பாத்துச் சொல்றேன்," என்றார் இவர், குனிந்தபடியே.

மேகம் விலகவில்லை. அப்பாவின் காதுக்கு ஒரு வழி பிறக்காமல் விளக்கைத் தொடமாட்டேன் என்று ஷின் யீ பிடிவாதமாக நின்றாள். வேறு வழி? மோட்டார் சைக்கிளில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். அவள் தானே அதன் வாரை இறுக்கிவிட்டு, விளக்கை ஏற்றி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனாள். அவ்வளவு சந்தோஷமான பிள்ளையை நான் அன்று வேறெங்கும் பார்க்கவில்லை.

மகளுக்காகத்தானே என்று நானும் உருகிப்போனேன். மறுநாள் பெக் லான் சொல்லித்தான் தெரிந்தது: மகள் தூங்கிய பிறகும் மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லையாம்.

சிரிக்கிறீர்களா? பிள்ளையார் சதுர்த்தியன்று, "நிலாவைப் பார்க்காதே, வீண்பழி வரும்" என்று பிள்ளையை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு, அது மறைந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது யார்?