டீம் இல்லாத ஓனர்

ஏனுங்க, உலகத்துல முதலாளின்னு ஒரு இனம், கூலிக்காரன்னு ஒரு இனம், ரெண்டே ரெண்டுதான்னு நெனச்சிட்டு இருக்கீங்களா? மூணாவதா ஒண்ணு இருக்குது. அதுக்குக் கம்பெனி கெடையாது, கடை கெடையாது, ஒண்டறதுக்குச் சொந்தமா ஒரு கூரை கெடையாது. மாசச் சம்பளந்தான். ஆனா வாயைத் தொறந்தா முதலாளி பக்கந்தான் பேசும். நான் அதுக்கு ‘டீம் இல்லாத ஓனர்’னு பேர் வெச்சிருக்கறேன்.

இந்த இனம் எல்லா ஊர்லயும் கெடைக்கும். நான் கிட்டத்துல வெச்சுப் பாத்தது அமெரிக்காவுல, டெக்ஸாஸ்ல கேட்டிங்கற ஊர்ல, ஒரு வாடகை வீட்டு சோபா மேல. எம்பட தம்பி குமாரசாமி. கூடப்பொறந்தவனை இப்புடி ஊர் முன்னால வைக்கலாமான்னு கேக்காதீங்க. அடுத்தவ தம்பியை வெச்சா அவ சண்டைக்கு வருவா. எம்பட வூட்டுக்காரர் போய்ச் சேந்தப்பறம் தம்பிதான் கூட்டிட்டு வந்து வெச்சுக் காப்பாத்தறான். சோறு போடறவனையே இந்தப் பேச்சு பேசறேன்னா, விஷயம் எம்புட்டு முத்திப்போச்சுன்னு நீங்களே பாத்துக்கோங்க.

தொண்ணூத்தெட்டுல இந்த ஊர்க் கூடைப்பந்துக்கு லாக்கவுட்டு வந்துச்சே, அப்பத்தான் அவன் லட்சணம் முழுசாத் தெரிஞ்சுது. நான் பள்ளிக்கூட வாசப்படி மிதிச்சதில்லை. ஆனா லாக்கவுட்டு தெரியும். எங்க வூட்டுக்காரர் கோயமுத்தூர்ல பஞ்சாலையில வேலை செஞ்சவரு. வேலைக்கு வரமாட்டேன்னு தொழிலாளி சொன்னா அது ஸ்ட்ரைக்கு. வாரேன் வாரேங்கறவனை முதலாளி கேட்டைப் பூட்டி வெளிய நிறுத்துனா அது லாக்கவுட்டு. இங்கயும் அதே கதைதான். ஆடறோம்னு பசங்க பனமரமாட்டம் நிக்கறாங்க. சம்பளத்துக்கு இறுக்கமா ஒரு வரம்பு கட்டுனாத்தான் தொறப்போம்னு டீம் ஓனருங்க ஜூலை மாசம் போட்ட பூட்டை, கார்த்திகை தீபம் ஏத்தி முடிச்ச பொறகும் எடுக்கலை.

எந்தம்பி அப்ப யாரு பக்கம் நின்னிருக்கோணும்? அவன் நின்ன பக்கத்தைக் கேளுங்க.

சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்ததும் ஷூவைக் கூடக் கழட்டாம டிவியைப் போடுவான், முறுக்கு டப்பாவை மடியில வெச்சுக்குவான், நியூஸ்ல ரெண்டு கோட்டுக்காரங்க ஓட்டல் வாசல்ல நின்னு பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சுன்னு சொன்னதும், இவனே உள்ள குந்திப் பேசிட்டு வந்தாப்புல பெருமூச்சு விடுவான்.

“இதுக்கு மேல நாம எறங்கக் கூடாதுக்கா.”

“நாமன்னா யாருடா?”

“ஓனர்ஸ்.”

“உனக்கு எத்தனை டீமுடா இருக்குது?”

“அக்கா, நீ பெரிய பிக்சரைப் பாக்கோணும்.”

இந்தப் ‘பெரிய பிக்சர்’தான் இந்த இனத்தோட தேசிய கீதம். பதில் இல்லாத எடத்துலயெல்லாம் இதைப் பாடும். அவம் புள்ளை மானஸாவுக்குப் பன்னெண்டு வயசு, நாம தமிழ்ல கேட்டா அது இங்கிலீஷ்ல சொல்லும். அது சோபாவைத் தாண்டிப் போறப்ப, “டாடி, யூ டோன்ட் ஈவன் ஓன் தி பால்”னுட்டுப் போச்சு. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா அது புரிஞ்சுது.

“பந்தைக் கூடையில போடறதுக்கு இத்தனை கோடியா? திமிரு!”ம்பான். சொல்றவன் யாரு? கல்யாணமாகிப் பதினேழு வருஷமா அழுக்குத் துணியை லாண்டரிக் கூடைக்குள்ள போடத் தெரியாதவன். பாத்ரூம் வாசல்ல இருந்து எறிவான். ஒரு சாக்ஸ் ஜன்னல்ல தொங்கும், இன்னொண்ணு எம்மேல விழுகும். கூடையில போடறது லேசா இல்லையான்னு அவம் பொண்டாட்டி ஷ்யாமளாவைக் கேளுங்க.

பந்தோட போனாப் பரவால்லைங்க. ஃப்ளைட்டு ஆறு மணி நேரம் லேட்டாகி ஜனம் கூப்பாடு போட்டா, ஏர்லைன்ஸுக்கு என்ன கஷ்டமோன்னு இவன் எந்திரிச்சு சமாதானம் சொல்லுவான். மழைக்கு வாடகை வீட்டுக் கூரை ஒழுகுச்சு. ஷ்யாமளா வீட்டுச் சொந்தக்காரனுக்கு போன் பண்ணப் போனா, போனைப் புடுங்கி வெச்சுட்டான். “அந்தாளு எவ்ளோ ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டறாரு தெரியுமா?” கையில பக்கெட்டு. தலையில சொட்டுச் சொட்டா தண்ணி. வாயில வீட்டுச் சொந்தக்காரன் நியாயம்.

அந்தக் கூரையில இருந்து தப்பிக்கத்தான் ஷ்யாமளா ஒரு புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்து வெச்சிருந்தா. டேகேர்ல அடுத்தவங்க கொழந்தைக்கு மூக்குத் தொடைச்சுச் சேத்த காசு. ஜனவரியில பத்திரம். வீடு வருமா வராதாங்கறது குமாரசாமி சம்பளத்துல தொங்கிட்டு இருந்துச்சு. அந்தச் சம்பளமோ எண்ணெய் வெலையில தொங்கிட்டு இருந்துச்சு. அந்தக் குளிருக்குப் பெட்ரோலு கேலன் ஒரு டாலருக்கும் கீழ எறங்கிப் போச்சு. ஊரே சிரிச்சுது. எண்ணெய்க் கம்பெனியில வேலை பாக்கறவன் பொண்டாட்டி மட்டும் சிரிக்கலை.

எங்க வீட்டுக்குச் சனிக்கெழமை சாப்பாட்டுக்கு வர்றவரு செல்வராஜா. யாழ்ப்பாணத்துக்காரரு, சொந்தமா ரெண்டு கேஸ் ஸ்டேஷன், அதான் பெட்ரோல் பங்க், வெச்சிருக்காரு. நெசமான ஓனர். அவரு ஆட்டக்காரப் பசங்க பக்கம்.

“ஐசே குமாரசாமி, சனம் காசு குடுத்து ஆரைப் பாக்க வருது? பெடியளைத்தானே? ஓனரிண்ட கோட்டு சூட்டையே பாக்க வருது?”

“அண்ணே, நீங்க ஓனரா இருந்துட்டு இப்புடிப் பேசலாமா?”

“ஓனரா இருக்கிறபடியாத்தான் பேசுறன். கவுன்டரில நிக்கிற ஆள் ஒருநாள் வராட்டி நான் படுற பாடு எனக்கெல்லோ தெரியும்.”

பாத்தீங்களா? இருக்கறவனுக்குப் பயம் இருக்குது. இல்லாதவனுக்குத்தான் வீராப்பு.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப, தம்பி ஆபீஸ்ல இருந்து துள்ளிட்டு வந்தான். சாப்பிட குந்துனதும் ஆரம்பிச்சுட்டான். மேனேஜரு இவங்க செக்ஷன் ஆளுக பன்னெண்டு பேரையும் கூப்பிட்டாராம். கம்பெனி நட்டத்துல ஓடுது. ஒண்ணு எல்லாத்துக்கும் சம்பளத்தைக் கொறைக்கோணும், இல்லாட்டி நாலு பேரை அனுப்போணும், நீங்களே சொல்லுங்கன்னாராம். ஒரு வெள்ளைக்காரப் பையன் எந்திரிச்சு, “ரெண்டும் வேண்டாம்னு பன்னெண்டு பேரும் ஒண்ணா சொல்லுவோம். மார்ச்சுக்குள்ள இந்த ப்ராஜெக்ட்டை முடிச்சுக் குடுக்கோணும், நாம இல்லாம இவங்களால முடியாது”ன்னானாம். எல்லாரும் தலையாட்டிட்டாங்களாம். மேனேஜருக்கு முகம் வேர்த்துப் போச்சாம்.

“அப்பத்தான்க்கா நான் எந்திரிச்சேன்.”

“எந்திரிச்சு என்னடா பண்ணுனே?”

“நாமளே இப்புடிப் பண்ணுனா கம்பெனி என்னத்துக்கு ஆகும்னு கேட்டேன். சம்பளத்தைக் கொறைச்சா எல்லாத்துக்கும் மனசு விட்டுப்போகும், நாலு பேரை அனுப்பறதுதான் சுத்தமான முடிவுன்னு அரைமணி நேரம் பேசினேன். அந்தப் பையனே உக்காந்துட்டான். மேனேஜர் என் கையைப் புடிச்சு, இதை என்னால கூட இவ்ளோ நல்லாச் சொல்லியிருக்க முடியாதுன்னார்.”

ஷ்யாமளா கையில கரண்டி அப்படியே நின்னுச்சு. “அந்த நாலு பேரு யாருங்க?”

“அது மேனேஜ்மென்ட் டிசிஷன்.”

மறுநா மத்தியானமே வந்துட்டான். கையில ஒரு அட்டைப்பொட்டி. அதுக்குள்ள காப்பிக் கப்பு, மானஸா போட்டோ, காகிதத்தைச் சுருட்டி எறிஞ்சு வெளையாடச் செவத்துல ஒட்டி வெச்சிருந்த பிளாஸ்டிக் கூடை ஒண்ணு.

“என்னடா சொன்னாங்க?”

“மத்தவங்கன்னா கத்துவாங்க குமார், உனக்குத்தான் பெரிய பிக்சர் புரியும்னு மேனேஜர் சொன்னார்க்கா.”

சிரிக்கறதா அழுகறதான்னு தெரியாம நான் அடுப்பைத் தொடைக்கப் போயிட்டேன். ஷ்யாமளா ரெண்டும் பண்ணலை. போனை எடுத்தா. அந்தப் புது வீடு கட்டறவனோட பத்து நிமிஷம் பேசினா. கொரலை ஒசத்தலை, கெஞ்சவும் இல்லை. எண்ணெய் வெலை விழுந்து கெடக்கற இந்த ஊர்ல இன்னைக்கு என்னை விட்டா வேற யாரு வந்து உங்க வீட்டை வாங்குவாங்கன்னு கேட்டா. அவ்வளவுதான். அட்வான்ஸு அப்புடியே இருக்கும், ஆறு மாசம் பொறுக்கறேன்னு ஒத்துக்கிட்டான். அதையும் எழுதி ஃபேக்ஸுல அனுப்ப வெச்சுட்டா. நியூயார்க்ல டீம் ஓனருங்க வக்கீல் பட்டாளம் வெச்சு ஆறு மாசமாப் பேசிட்டு இருந்தாங்களே, அவங்க இவளைக் கூப்பிட்டிருக்கலாம்.

தை பொறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னால அந்தப் பூட்டும் தொறந்துச்சு. டிவியில ஓனருங்களும் ஆட்டக்காரப் பசங்களும் பல்லு தெரியக் கை குலுக்கிட்டாங்க. ஆறு மாசம் அவங்களுக்காகத் தொண்டை வறளப் பேசுனவனுக்கு ஒரு ஓனராவது போன் பண்ணுவான்னு பாத்தேன். ஒருத்தனும் பண்ணலை.

செல்வராஜாதான் பண்ணுனாரு. “வேற வேலை கிடைக்கும் வரைக்கும் என்ர கவுன்டரில வந்து நில்லும்.” போனான். ரெண்டே நாளு. மூணாம் நாளு அவரு எங்க வூட்டுக்கு வந்து என் முன்னால குந்திட்டுச் சிரிக்கறாரு, சிரிக்கறாரு, கண்ணுல தண்ணி.

“அக்கா, உங்கட தம்பி இண்டைக்கு என்னட்டை வந்து, ‘அண்ணே, நாம கவுன்டர் ஆளுக்கு அரைமணி நேரம் ப்ரேக் குடுக்கிறது ரொம்ப அதிகம், கால்மணி போதும்’ எண்டவர். நான் சொன்னன்: ஐசே, கவுன்டர் ஆள் நீர்தான்.”

சித்திரை முடியறப்ப வேற கம்பெனியில வேலை கெடைச்சுது. முன்ன வாங்குனதை விடக் கம்மி. அன்னைக்குப் பன்னெண்டு பேரும் கொறைச்சுக்கிட்டிருந்தாக் கெடைச்சிருக்கக்கூடிய சம்பளத்தை விடவும் கம்மி. ஜூன்ல வீடு வந்துச்சு. ஷ்யாமளா ஒரே ஒரு கண்டிசன் போட்டா: “பத்திரம் எம்பேர்ல.” தம்பி முனகுனான். “பெரிய பிக்சரைப் பாருங்க”ன்னா.

ஆடி மழையில புது வீட்டுக் கராஜ்ல ஒரு ஓட்டை. பழக்கம் விடுமா? கட்டுனவனுக்கு எவ்ளோ செலவோ, பாவம்னு ஆரம்பிச்சான். ஷ்யாமளா உள்ள இருந்து கத்துனா: “ஹவுஸ் ஓனர் பேசறேன். வாயை மூடிட்டுப் பக்கெட்டைப் புடிங்க!” புடிச்சான். பொறந்ததுல இருந்து அவன் ஒரு நெசமான ஓனர் சொல்லிக் கேட்டு உருப்படியா ஒரு வேலை செஞ்சது அன்னைக்குத்தான்.

நீங்க என்னுங்க, அங்க குந்திட்டு அவ்ளோ சிரிக்கறீங்க? போன வாரம் உங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் லீவு குடுக்கலைன்னு பொலம்பினப்ப, “மேனேஜர் நெலமையையும் பாக்கோணுமில்ல”ன்னு சொன்னது யாரு? சரி, அது நீங்க இல்லை, வேற யாரோ. எதுக்கும் ஒருக்கா நிமிந்து பாருங்க, தலைக்கு மேல இருக்கற கூரை யாரு பேர்ல இருக்குதுன்னு. அப்பறம், கையில இருக்கற பக்கெட்டைக் கீழ வெச்சுட்டுச் சிரிங்க.