பத்துக்கு எட்டு வலி

அன்றைக்குக் காலையில் எட்மண்ட் ஒரு தீர்மானத்துக்கு வந்தான். என்ன ஆனாலும் சரி, வலியை எட்டுக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

வலிக்கு மார்க் போடும் ஏற்பாட்டை ஆஸ்பத்திரி நர்ஸ்தான் தொடங்கிவைத்தாள். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து பருத்திப்பட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது அவன் மனைவி அருள்செல்வியைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். வேளாவேளைக்குக் கேட்க வேண்டும், வலி பத்துக்கு எத்தனை என்று. ஏழைத் தாண்டினால் ரோஸ் மாத்திரை. நடுவாந்திரமாக இருந்தால் வெள்ளை மாத்திரை. மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் மாத்திரை கிடையாது, ஆள் வேலைக்குப் போகலாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எட்மண்டைத் தையலைவிட ஆழமாகக் குத்தியது. அம்பத்தூர் எஸ்டேட் இரும்புப் பட்டறையில் வருஷக்கணக்காக நைட் ஷிப்ட். ஊர் தூங்கும்போது அவன் விழித்திருப்பான். அவன் படுக்கப் போகும்போது ஊர் மிக்ஸி போடும், தண்ணி லாரிக்குச் சண்டை போடும், பழைய பேப்பர்காரன் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவான். ராத்திரி என்றால் இரும்புத் தூளும் ட்யூப்லைட்டும் என்றே நம்பிக்கொண்டிருந்தவன், ஆபரேஷனுக்கு அப்புறம்தான் ராத்திரியை நேரில் பார்த்தான். ஏரிக்காற்று. ஃபேன் சத்தம். பக்கத்தில் பெண்டாட்டி. ஆண்டவர் இதைத் தூங்குவதற்கென்றே படைத்திருக்கிறார் என்று தெரிந்த அதிர்ச்சியில் கண்ணே கலங்கிவிட்டது. இதை விட்டுவிட்டு மறுபடி மெஷின் முன்னால் போய் நிற்பதா?

வலி என்னவோ போன வாரமே போய்விட்டது, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய விருந்தாளி மாதிரி. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"இன்னாங்க, இப்போ எத்தினி?"

"எட்டு கீதுடி. எட்டரையே போடலாம்."

"அரையெல்லாம் கெடையாது."

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் பத்துக்கு எட்டு வாங்கியறியாதவன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ரோஸ் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, அவள் திரும்பியதும் ஜன்னல் வழியே துப்பினான். கஞ்சி வந்தது. ஆட்டுக்கால் சூப் வந்தது. கல்யாணமான நாளாய்க் கைக்கு எட்டாத டிவி ரிமோட்கூடத் தலைமாட்டுக்கு வந்தது. அருள்செல்வி முகத்தில் சந்தேகத்தின் சாயலே இல்லை. அங்கேதான் அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் மாதா கோயிலில் நவநாள் ஜெபம் முடித்து வந்தவள், முக்காட்டைக்கூட எடுக்காமல் கட்டிலோரம் உட்கார்ந்தாள். டாக்டரிடம் போனில் பேசினாளாம். இத்தனை நாள் கழித்தும் எட்டு என்றால் உள்ளே வைத்துத் தைத்த வலை கழன்றிருக்குமோ என்றாராம். நாளைக்கே கூட்டிவரச் சொன்னாராம். தேவைப்பட்டால் மறுபடியும் கிழித்துப் பார்ப்பாராம்.

எட்மண்டுக்கு அடிவயிறு நிஜமாகவே ஒருதரம் சுருக்கென்றது.

"ஆறுதான் இருக்கும்டி."

"காலைல எட்டுன்னீங்க."

"அது காலைல. இப்ப பாத்தா நாலு மாதிரி கீது."

"நாலும் வலிதானே. எதுக்கும் கிழிச்சே பாத்துறட்டும்."

"ரெண்டு."

அவள் ஆட்டோவுக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.

"பூச்சியம்டி. மாதா மேல சத்தியமா பூச்சியம்."

அருள்செல்வி போனை வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பீரோவைத் திறந்து, மடிப்புக் கலையாத காவி வேட்டி ஒன்றை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"மாதா கேட்டுட்டாங்க. வலி பூச்சியமானா எங்க ஊட்டுக்காரர் நடந்தே வேளாங்கண்ணிக்கு வருவார்னு நேர்ந்துகினு கீறேன். ஆகஸ்ட் கடைசில ஆன்சன் அண்ணன் கூட்டினு போற குழுவுல பேரும் குடுத்தாச்சு."

எட்மண்ட் வேட்டியை மடியிலிருந்து தள்ளிவைத்தான். பஸ்ஸில் போனாலே இடுப்பு கழன்றுவிடும் தூரம். நேர்ந்துகொண்டவள் நீ, நீயே நட என்று சொல்லிப் பார்த்தான். வலி யாருடையதோ காலும் அவருடையதுதான் என்றாள். மறுபடி எட்டுக்குத் தாவலாமா என்று யோசித்தான். சத்தியம் பண்ணியாயிற்று, அதுவும் மாதா மேல். கடைசியில், எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் ஈனக் குரலில் கேட்டான்.

"எட்டு மார்க் வலிக்காரர் குப்புறப் படுத்துகினு கொறட்டை உடுவாரா?"

திங்கட்கிழமை அவன் ஷிப்டுக்குப் போகிறான் என்று சூப்பர்வைசருக்கும் அவளே சொல்லிவிட்டாளாம். அதிர்ச்சியில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மெல்ல ஒரு வெளிச்சம் பட்டது. நடைப்பயணம் என்றால் லீவு. லீவு என்றால் மெஷின் இல்லை. வழியில் ஏதாவது ஒரு கோயில் வராந்தா, கடற்காற்று, காலை நீட்டிப் படுத்தால் விடிகிற வரைக்கும் கேட்க ஆளில்லை.

"சரி, மாதாவுக்காகப் பண்றேன்," என்றான், தியாகியின் குரலில். "பகல்ல நடந்துட்டு ராத்திரி நல்லா தூங்கிட்டா ஒடம்பு தாங்கிடும்."

அருள்செல்வி முக்காட்டை எடுத்து மடித்தாள். "பகல்ல வெயில் தாங்காதுங்க. ஆன்சன் அண்ணன் குழு பகலெல்லாம் படுத்துட்டு ராத்திரி பூராவும்தான் நடக்கும். உங்களுக்குப் பழக்கமாச்சேன்னுதான் அந்தக் குழுவையே புடிச்சேன்."