மரண அறிவித்தலுக்குப் போட்ட பூட்டு

மாபிட்டகந்த தோட்டம்,
ஓப்பநாயக்க.
ஆகஸ்ட் 2008

பெருமதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

மாபிட்டகந்த தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வே. செல்லையா பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் உதவி ஆசிரியர்களும், தங்கள் அச்சு இயந்திரமும் ஒரு பழுதும் இல்லாமல் இருக்க எங்கள் தோட்டத்து முனியாண்டி சாமியை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் மழையோடும் அட்டையோடும் சுகமாக இருக்கிறோம். சுகம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது, இனி வருவது முறைப்பாடு. இதைச் சுருக்காமல் பிரசுரிக்க வேண்டும். ஏனென்றால் இந்த விஷயத்தில் ஒரு முடிவு காணாமல் நான் விடப்போவதில்லை.

தங்கள் பத்திரிகை எங்கள் பக்கத்தில் ஓப்பநாயக்க டவுன் சாலி நானாவின் கடைக்கு மட்டும்தான் வருகிறது. சிங்களப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இறங்கும். தமிழ்ப் பத்திரிகையில் ஒன்று நானா வாசிக்க, இன்னொன்று நானா வடை சுற்ற. நான் டவுனுக்குப் போய்ச் சேரும்போது எனக்குக் கிடைப்பது விளையாட்டுப் பக்கத்தில் பாதி, அதுவும் எண்ணெயோடு. ஆகவே காரியாலயத்துக் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் வந்த நாள் முதலாக நான் தங்கள் பத்திரிகையின் இணையப் பக்கத்தைத் திறந்து, மரண அறிவித்தல்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காலையில் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை யார் யார் எந்த மலைக்கு என்று ஆள் பிரித்து முடித்ததும் உரத்த குரலில் வாசித்து வந்தேன். தலைப்புச் செய்தியை நான் வாசித்ததே இல்லை, மன்னிக்க வேண்டும். எங்கள் சனம் பண்டாரவளை, வவுனியா, கொழும்பு, திருச்சி என்று சிதறிக் கிடக்கிறது. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் ஒரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சாவுக்குப் போகாவிட்டால் அடுத்த தலைமுறையும் மன்னிக்காது. யார் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது தெரியாமல் எங்களால் சோறு தின்ன முடியாது ஐயா.

போன மாதம் ஒரு காலையில் வழக்கம்போல் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. இந்தப் பக்கம் கம்பனி விதிப்படி தடை செய்யப்பட்டுள்ளது, வகை: பொழுதுபோக்கு. பொழுதுபோக்காம்! இழவு வீட்டில் இவர்களுக்கு எப்படிப் பொழுது போகிறதோ தெரியவில்லை. வேலை நேரத்தில் ஆட்கள் கண்ட கண்ட பக்கங்களைப் பார்க்கிறார்கள் என்று கொழும்புத் தலைமைக் காரியாலயம் தன் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூட்டாகப் போட்டுவிட்டது. இப்போது திறப்பது தேயிலை ஏல விலை, காலநிலை, கம்பனியின் சொந்தப் பக்கம், இவ்வளவுதான். காலநிலைப் பக்கம் கொழும்பில் வெயில் என்கிறது, நான் ஒழுகுகிற கூரைக்கு அடியில் வாளி வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். கம்பனிப் பக்கத்தில் ஒரு பெண் கொழுந்து எடுத்துக்கொண்டு சிரிக்கிறாள். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு கொழுந்து எடுக்கிற பெண்ணை நான் எந்த மலையிலும் கண்டதில்லை.

மற்றவர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு மலைக்குப் போய்விட்டார்கள். இருளாயி போகவில்லை. இருளாயி எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அழகமுத்து கொடகவெல பக்கத்தில் இதே கம்பனியின் வேறொரு தோட்டத்தில் இருக்கிறார். இரண்டு பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் அண்ணன் மகன் கல்யாணத்தில் சொந்தக்காரர்களை எல்லாம் மேடைக்குக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்தவர்கள் இவளைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு இவள் மண்டபத்து வாசலில் நின்று, "இனி ஒன் வாசப்படிய மிதிச்சா அது ஒன் சாவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். அவரும் சும்மா இருக்கவில்லை, "நானும் ஒனக்குக் கோடிச் சேலையோடதான் வருவேன்" என்றுவிட்டார். பெண்ணொருத்தி செத்தால் பிறந்த வீட்டார் கடைசியாகப் போர்த்துகிற சேலை அது. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே இருளாயி தினமும் காலையில் காரியாலய ஜன்னலுக்கு வருவாள். "ஐயா, எங்க அண்ணன் பேரு வந்திருக்குங்களா?"

"இல்ல இருளாயி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன்."

"அந்த மனுசன் எதைத்தான் நேரத்துக்குச் செஞ்சாரு" என்று திட்டிக்கொண்டே போவாள். ஆனால் போகும்போது அவள் முகம் தெளிந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் என் வேலையைத் தொடங்குவேன்.

பூட்டு விழுந்த பிறகு அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப அவரு செத்திருந்தாலும் எனக்குத் தெரியாதுங்களா?" அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது என்று திருவிழாவில் யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஆள் அனுப்பி விசாரிக்கலாமே என்றேன். "வாயத் தொறந்து கேட்டா நான் எறங்கி வந்துட்டேன்னு ஆயிருமேங்க. பேப்பர்ல பாத்தா அது ஊருக்கே பொதுவு." அவர் மகன் டவுனில் கடை வைத்திருப்பவன், அப்பாவுக்குப் பேப்பரில் போடாமல் இருக்க மாட்டான் என்பது அவள் நம்பிக்கை. இந்த ஒரு மாதத்தில் அவள் பாதியாய் இளைத்துப் போனாள் ஐயா, எனக்கு மனசு கேட்கவில்லை.

தோட்டத்தில் எது பூட்டியிருந்தாலும் தோட்டத்துரையின் துண்டுச் சீட்டு இருந்தால் திறக்கும். மருந்துக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு, விறகுக்குத் துண்டு. நான் துரையிடம் போய், அனுமதிக்கவும் என்று எழுதி, கையெழுத்தும் சீலும் வாங்கி, அந்தத் துண்டைக் கம்பியூட்டரின் நெற்றியில் ஒட்டினேன். திரை சிவப்பாகவே இருந்தது. இரண்டாவது கிளாக்கர் ஜீவராணி, "ஐயா, அதுக்குத் துண்டு வாசிக்கத் தெரியாதுங்க" என்றாள். துரையிடம் திரும்பிப் போனேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மொனவ கரன்னத கிளாக்கர் மஹத்தயா, நான் என்ன செய்ய, என் கிரிக்கெட்டையும் பூட்டிட்டாங்க" என்றார். எனக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

பிறகு சாலி நானாவிடம் சொல்லி, மரண அறிவித்தல் பக்கத்தில் மட்டும் வடை சுற்ற வேண்டாம் என்று கெஞ்சினேன். நானா நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். அவர் மனைவி ஸபியாவிடம் சொல்ல மறந்துவிட்டார். எனக்கு வந்து சேர்ந்த பாதியில் "அழக" என்று ஒரு பெயர் தொடங்கி, அந்த இடத்தோடு தாள் கிழிந்திருந்தது. நான் அதை மறைத்திருக்க வேண்டும். இருளாயி ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவள் போட்ட ஒப்பாரியில் மலையில் இருந்தவர்கள் கூடையோடு இறங்கி வந்துவிட்டார்கள். மற்றப் பாதி ஒரு லொறிச் சாரதியின் வடையோடு பெல்மதுளைக்குப் போய்விட்டதென்று கண்டுபிடித்து, நானா மோட்டார் சைக்கிளில் துரத்திப் போய்க் கொண்டுவந்தார். அழகரத்தினம், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு பெரியவர் காலமானதற்கு நாங்கள் எல்லாரும் கைதட்டினோம், கடவுள் மன்னிக்க வேண்டும்.

இனிப் பொறுப்பதில்லை என்று தலைமைக் காரியாலயத்துக்கே போன் போட்டேன். கம்பியூட்டர் பகுதியில் ஒருவர், எவ்வளவு காலத்துக்கு அந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். "அவர் சாகும் வரைக்கும்" என்றேன். எப்போது சாவார் என்று கேட்டார். அது தெரிந்தால் உங்கள் தயவு எனக்கு எதற்கு ஐயா என்றேன். அவர் என்னை நலன்புரிப் பகுதிக்குத் தள்ளிவிட்டார். அங்கே ஓர் அம்மாள் இருளாயியின் பெயர், தோட்டத்தின் பெயர், அண்ணன், மரணம் எல்லாவற்றையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டு, "மிகவும் வருந்துகிறோம்" என்று சொன்னார். வருந்தினார்களே தவிர, பூட்டு அப்படியே இருக்கிறது.

ஆகவே ஐயா, இக்கடிதத்தைக் கொட்டை எழுத்தில் பிரசுரித்து, மரணம் பொழுதுபோக்கு அல்ல என்று தாங்களும் ஒரு வரி எழுத வேண்டும். அதுவரைக்கும் காலநிலைப் பக்கத்துக்காரர்களோடு பேசி, "இரத்தினபுரி: இடியுடன் மழை. காலமானார்: இன்னார்" என்று அதன் அடியில் சேர்க்க முடியுமா என்று பாருங்கள், அந்தப் பக்கம் எங்களுக்குத் திறக்கும். இதுவும் நடக்காவிட்டால் நான் கொழும்புக்கு வந்து தலைமைக் காரியாலயத்து வாசலில் பாய் விரித்து உட்காருவேன். பென்சன் வாங்கப்போகிற ஆளை அவர்கள் என்ன செய்துவிட முடியும்? துண்டுக்கும் மசியாத ஒரு பெட்டியிடம் இத்தனை வருஷ சர்வீஸ்காரன் தோற்கப்போவதில்லை.

தங்கள் பத்திரிகை ஆல்போல் தழைக்கட்டும். தங்கள் குடும்பத்தார் ஒருவர் பெயரும் அந்தப் பக்கத்தில் வெகுகாலத்துக்கு வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத வாசகன்,
வே. செல்லையா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நான் பேசிய அம்மாள், மாபிட்டகந்த இருளாயி வீட்டு மரணத்துக்கு அனுதாபம் என்று கம்பனியின் எல்லாத் தோட்டங்களுக்கும் பேக்ஸ் அனுப்பியிருக்கிறார். கொடகவெல தோட்டத்துக் கிளாக்கர் அதைப் பெரட்டில் வாசித்திருக்கிறார். செத்தது இருளாயிதானா என்று தங்கள் பக்கத்தில் பார்த்துச் சொல்லும்படி அழகமுத்து கேட்டிருக்கிறார். அவரும் இத்தனை காலமாகத் தினமும் காலையில் அங்கே ஜன்னலில் போய் நின்று தங்கச்சி பெயர் வந்திருக்கிறதா என்று கேட்டவர்தானாம். அங்கேயும் அதே பூட்டு.

இன்று காலை அவர் அக்குளில் சேலைப் பார்சலோடு அழுதுகொண்டு என் காரியாலயத்துக்குள் வந்து, "ஐயா, எங்க தங்கச்சிய எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் ஜன்னலைக் காட்டினேன். வெளியே இருளாயி அவர் பெயரைக் கேட்பதற்காக வந்து நின்றுகொண்டிருந்தாள்.

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர்தான் முதலில் வாசல்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போல விசும்பினார். அவள் சுற்றி வந்து, பார்சலைப் பிரித்துத் துணியைத் தடவிப் பார்த்தாள். "ஒத்தத் தங்கச்சிக்கு இம்புட்டு மட்டமான சேலையா?" என்று கேட்டுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஜீவராணி அழுதாள். நான் அழவில்லை, கூரை ஒழுகியது.

ஆகவே ஐயா, தலைமைக் காரியாலயத்தைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்லையும் வாபஸ் வாங்கவில்லை. ஆனாலும் தயவுசெய்து இதைப் பிரசுரிக்க வேண்டாம், பூட்டையும் திறக்கச் சொல்ல வேண்டாம். இப்போது அந்தி சாய்ந்துவிட்டது, கொடகவெல பக்கம் போகிற கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அழகமுத்து புறப்படவில்லை. இருளாயி அவரைப் போகச் சொல்லவும் இல்லை.