நான்கு சக்கரங்களின் பளபளப்பு நீக்கப்பட்டது குறித்து

18 செப்டம்பர், வியாழக்கிழமை
முற்பகல் 10.15 மணி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு தங்கள் அக்காள் பூரண நலம். நானும், உச்சந்தலையில் மூன்று இடங்கள் நீங்கலாக, நலம். அங்கு தாங்களும் தங்கள் இல்லத்தாரும் எல்லா இடங்களிலும் நலமாக இருப்பீர்களென நம்புகிறேன். (எதிர்க்கடைத் தையல்காரரின் மெஷின் இன்று வழக்கத்தைவிடப் பலமாக இரைகிறது. எழுத்து ஆடியிருந்தால் பொறுத்தருள்க.)

வரும் 27-ஆம் தேதி சனிக்கிழமை தாங்கள் இங்கு வரும்போது வாசலில் நிற்கும் காரைத்தான் முதலில் பார்ப்பீர்கள். அதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பது தங்கள் அக்காளின் உத்தரவு. என் எழுபதாவது பிறந்தநாளுக்குத் தாங்கள் அனுப்பிய நான்கு அலுமினியச் சக்கரங்களும், ஆகஸ்ட் 19 செவ்வாய் காலை 11 மணிக்குப் பூட்டப்பட்டபோது, குனிந்து மீசை ஒதுக்கிக்கொள்ளும் அளவுக்குப் பளபளத்தன. இப்போது பளபளக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஜூன் 11 அன்று, தங்கள் பதவி உயர்வு விருந்தில் தங்கள் பளபளத்த சிவப்புச் சட்டையைக் காட்டி, “இதைப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தில் நின்றால் ரயில் நின்றுவிடும்” என்று நான் பலர் முன்னிலையில் சொன்னதும், அன்றிலிருந்து நாம் பேசாதிருந்ததும், இந்தச் சக்கரங்கள் வந்த பிறகே மறுபடி பேசத் தொடங்கியதும் என் நினைவில் உள்ளன. ஆகவே நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 25 திங்கள் காலை 6.05-க்கு ஒரு காகம் வந்தது. முன்பக்க இடது சக்கரத்தில் இன்னொரு காகம் இருப்பதைக் கண்டு அதைக் கொத்தியது. அதுவும் திருப்பிக் கொத்தியது. இது வலுத்த எதிரி என்று அடுத்த சக்கரத்துக்குப் போனால் அங்கும் ஒருவன். இப்படி நான்கு எதிரிகளோடு நாள்தோறும் அரை மணி நேரம் போர் நடந்தது. அதோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். 28-ஆம் தேதி நான் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தது. தலையில் ஒரு கொத்து. 30-ஆம் தேதி வங்கி வாசல் வரை பின்தொடர்ந்து வந்து இரண்டாவது கொத்து. தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “அந்த நாலு காக்காவுக்கும் நீங்கதான் தலைவர்னு நெனச்சிருச்சு சார்” என்றார். செப்டம்பர் 1 அன்று மூன்றாவது கொத்து விழுந்தபோது அவர் சொன்னது சரியென்று ஒப்புக்கொண்டேன்.

2-ஆம் தேதி நான்கு சக்கரங்களுக்கும் பழைய தலையணை உறை மாட்டினேன். 3-ஆம் தேதி அவற்றைக் கழற்ற மறந்து காரை எடுத்துவிட்டேன். தெருமுனையில் ஒரு உறை பறந்துபோய் ஸ்கூட்டரில் வந்தவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது, அவர் என்னைச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது, அந்த உறையில் தங்கள் அக்காள் கையால் பூ வேலை செய்திருந்தாளாம், அதற்கு அவள் சொன்னதையும் எழுத முடியாது. 5-ஆம் தேதி மெக்கானிக்கிடம் போனேன். “எல்லாரும் பளபளன்னு ஆக்கத்தான் வருவாங்க. மங்க வைக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான் சார். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று 9-ஆம் தேதி இடது முன்சக்கரத்தில் சலவைச் சோடாவைக் குழைத்துப் பூசினேன். பூசிவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் சக்கரத்தில் தேமல் படர்ந்ததுபோல் கறுப்புத் திட்டுகள். 12-ஆம் தேதி வலது முன்சக்கரத்தில் உப்புத்தாளை வட்டமாகத் தேய்த்தேன். விழுந்த கீறல் ஒவ்வொன்றும் வெயிலில் தனித்தனியாக மின்னியது. காகம் ஒன்றுக்குப் பதில் முந்நூறு எதிரியைப் பார்த்துக் கத்திய கத்தலில் தெருவே எழுந்துவிட்டது! கடைசியில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில், அவசரப்படாமல் தேய்த்தேன். மழைக்கால வானம் மாதிரி சீரான மங்கல். 16-ஆம் தேதி மாலைக்குள் நான்கையும் அப்படியே முடித்தேன். மூன்றடி தூரத்திலிருந்து என் மீசை தெரியவில்லை.

நேற்று, 17-ஆம் தேதி, 6.05-க்குக் காகம் வந்தது. ஒவ்வொரு சக்கரமாக எட்டிப் பார்த்தது. வீடு காலி செய்து போனவர்களைத் தேடி வந்த உறவுக்காரர்போல் சற்று நேரம் நின்றுவிட்டுப் பறந்துபோனது. உள்ளபடி சொன்னால் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தங்கள் அக்காளோ, “காக்கா போயிருச்சு, சரி. எந்தம்பி வந்து இதப் பாத்தான்னா அவனும் அப்படியே திரும்பிப் போயிருவான். இன்னொரு ஒம்போது வருஷம் என்னால ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போக முடியாது. உக்காந்து எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன். சக்கரத்தை மங்கவைத்தது என் தலையைக் காக்க மட்டுமே. தங்கள் அன்பை மங்கவைக்க அல்ல. கோபம் உண்டானால் என்னிடம் மட்டும் கொள்க. 27-ஆம் தேதி வராமல் மட்டும் இருந்துவிட வேண்டாம்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் தலைக்கு எந்தச் சேதமுமின்றி நீடூழி வாழ ஆசிகள்.

இங்ஙனம்,
தங்கள் அத்தான்

பி.கு. பிற்பகல் 1.40 மணி. நான் மூன்றரை மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது தையல் மெஷின் அல்ல. தங்கள் அக்காள் மெக்கானிக்கை வரவழைத்து, பாலிஷ் மெஷினால் நான்கு சக்கரங்களையும் பழையபடி ஆக்கிவிட்டாள். “எழுதச் சொன்னது உங்கள வீட்டுக்குள்ள உக்கார வைக்கத்தான்” என்கிறாள். எனவே மேலே கண்ட யாவும் நடக்கவில்லை எனக் கொள்க. பக்க எண் இட்ட தாளைக் கிழிக்கும் வழக்கம் எனக்கில்லை ஆதலால் அப்படியே அனுப்புகிறேன். காகம் திரும்பி வந்து மதில்மேல் உட்கார்ந்திருக்கிறது. 27-ஆம் தேதி அவசியம் வருக. ஆனால் தங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன், அந்தச் சட்டை மட்டும் வேண்டாம்.